இலை வாட்டும் பக்குவம்

மக்களே,

நீ அவித்த இலையடையில் வாழையிலை கிழிந்து வெல்லமெல்லாம் இட்லிப் பானைத் தண்ணீரில் இறங்கிய படத்தைப் பார்த்தேன். மாவைக் குறை சொல்லாதே, அது நன்றாகத்தான் இருக்கிறது. நீ இலையை வாட்டாமல் மடித்திருக்கிறாய்.

இங்கே நாகர்கோவிலில் கொல்லைக்குப் போனால் பாளையங்கோட்டான் வாழையில் குருத்தும் இல்லாமல் முற்றலும் இல்லாமல் ஓர் இலை அறுத்துக்கொள்ளலாம். டொராண்டோவில் உனக்குக் கிடைப்பது உறைந்த கட்டு. அதை உறைந்தபடியே பிரித்தால் மடிப்புதோறும் ஒடியும். முந்தின இரவே எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடு. மறுநாள் நடுத்தண்டைச் சீவி எறிந்துவிட்டு, நரம்பு ஓடும் பக்கமாகவே ஈரத்துணியால் துடை. பச்சை இலை கிடைத்தால் கறை சட்டையில் படாமல் பார்த்துக்கொள். எந்தச் சோப்புக்கும் அது போகாது.

இனி வாட்டுவது. இலையின் முதுகில் வெளிறிய படலம் ஒன்று இருக்கும், அது மெழுகு. நெருப்புக்கு நாலு விரல் மேலே பிடித்து மெல்ல நகர்த்தினால் மெழுகு உருகி, வெளிர்பச்சை கரும்பச்சையாகிப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு இலையில் நகர்ந்துகொண்டே போவது கண்ணுக்குத் தெரியும். அது போகும் வேகத்தில் உன் கை போனால் போதும். நின்றால் கருகும். பிறகு விரலில் சுற்றிப் பார், துணிபோல வளையும். உன் வீட்டில் மின்சார அடுப்புதானே? தோசைக்கல்லைக் காயவைத்து அதன் மேல் போட்டு எடு. வெந்நீரில் முக்குவாரும் உண்டு. எனக்குப் பிடிக்காது, வாசனையில் பாதி தண்ணீரோடு போய்விடுகிறது.

உறைந்து வந்த இலை தானாகவே துவண்டுதான் இருக்கும். அதை நம்பி வாட்டாமல் விட்டுவிடாதே.

வாழையிலை எப்போதும் நரம்பு ஓட்டத்தில்தான் கிழியும். கீறல் தெரிந்தால் தூக்கி எறியாமல் இன்னொரு துண்டை நரம்பு குறுக்காக வரும்படி அடியில் வைத்து மடி. மாவை விரல் நனைத்து மெல்லிசாகத் தட்டு. தேங்காயும் வெல்லமும் ஓரம்வரை போகவேண்டாம். வெந்தபின் இலை பழுப்பேறிவிடும், பயப்படாதே. சற்று ஆறவிட்டுப் பிரித்தால் அடை ஒட்டாமல் வரும்.

பேத்திக்கு ஏலக்காய் குறைத்துப் போடு. அலுமினியத் தாளில் சுற்றலாமா என்று கேட்டிருந்தாயே, அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதமாட்டேன்.

அம்மா