ஃபார்மட் அடிக்கும் முன் ஒரு வார்த்தை, அண்ணாச்சி

நெல்லை ஜங்ஷன், டவுன், பாளை, வண்ணார்பேட்டை வட்டாரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்தும் அண்ணாச்சிமார்களுக்கு,

வணக்கம். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிந்துகொண்ட வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் 2026 அக்டோபர் 13 வரைதான் கெடு. பழைய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் உங்களிடம்தான் வருவார்கள். அதில் எதைப் போடுவது என்று அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் போட்டதுதான் நாலைந்து வருசம் ஓடும். அதனால்தான் இந்த மடல்.

முதலில் டேட்டா. "எல்லாம் டி டிரைவில் இருக்கு" என்று வாடிக்கையாளர் சொன்னால் நம்பாதீர்கள். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் டவுன்லோட்ஸும் சி டிரைவில்தான் கிடக்கும். இதை உங்களில் பலர் பார்த்தே எடுத்துவிடுகிறீர்கள். விட்டுப்போவது எழுத்துரு. பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த கோயில் கொடை நோட்டீஸும் வரி கணக்கும் யூனிகோடு, அதாவது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துமுறை, அல்ல. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸையும் காப்பி எடுக்காவிட்டால், ஃபைல் பத்திரமாக இருந்தும் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தும் குறியும்தான் தெரியும். வந்தவர் ஃபைல் கெட்டுப்போச்சு என்றே நினைத்துக்கொள்வார்.

அடுத்தது லைசென்ஸ். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்ற லேப்டாப்பின் கீ பெரும்பாலும் மதர்போர்டில் இருக்கும் பயாஸுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. அதே எடிஷனைப் போட்டு நெட் கொடுத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். பல லேப்டாப்பில் இருப்பது ஹோம் சிங்கிள் லாங்வேஜ் எடிஷன். அதை அழித்து ப்ரோ போட்டு, வைரஸைத் தடுக்கும் டிஃபெண்டரை அணைத்து, ஆக்டிவேஷனை ஏமாற்றும் கிராக் ஓட்டுகிறோமே, காசு கொடுத்து வாங்கிய சாவியைத் தூர எறிந்துவிட்டுக் கள்ளச்சாவி செய்கிற வேலை அது. டிஃபெண்டரை அணைக்கச் சொல்லும் ஃபைலுக்குள் வேறென்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். பென் டிரைவில் இன்ஸ்டாலர் தயாரிக்கும் ரூஃபஸில் அந்தச் சோதனையைத் தாண்டிப் போடலாம்தான். ஆனால் வருசாவருசம் வரும் புதுப் பதிப்பு அப்படிப்பட்ட பெட்டிக்குத் தானாக வராது. பழைய கோர் 2 டுவோ பிராசசரில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு தொடங்கவே செய்யாது.

அந்தப் பெட்டிகளுக்கு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22, அதில் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் போதும். 2 ஜிபி என்றால் ராம் போட்ட பிறகே கை வையுங்கள். "நம்ம ஆளுகளுக்கு லினக்ஸ் ஒத்துவராது" என்பது சாக்கு. அரசு கொடுத்த இலவச லேப்டாப்பிலேயே விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் வந்தது. அதை அழித்தது யார் என்று நாம் பேச வேண்டாம். ஆனால் டேலி ஓடுகிற கடைக்கும், டெண்டருக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகுகிறவருக்கும் விண்டோஸே இருக்கட்டும். கேனான் எல்பிபி 2900 பிரிண்டர் வைத்திருப்பவருக்கு, லினக்ஸில் அதை ஓடவைப்பது பெரும்பாடு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பென் டிரைவிலிருந்து லைவாக ஓடவிட்டு வைஃபை, சத்தம், பிரிண்டர் மூன்றையும் காட்டிய பிறகு இன்ஸ்டால் பண்ணினால் தகராறு வராது.

விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே பெட்டியில் சேர்த்துப் போடுவதில்தான் கை சுடுகிறது. விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில் டிஸ்க் பிட்லாக்கர் குறியாக்கத்தால் பூட்டப்பட்டே இருக்கிறது. உரிமையாளருக்கே அது தெரியாது. பயாஸில் செக்யூர் பூட் (Secure Boot) அமைப்பைத் தொட்டால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அவருடைய மைக்ரோசாப்ட் அக்கவுண்டிலிருந்து அதை எடுத்து எழுதி வைக்காமல் பயாஸுக்குள் போகாதீர்கள். விண்டோஸை முழுதாக அணையவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டு, பார்ட்டிஷனை விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்குங்கள். லினக்ஸ் இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் டிஸ்க் பழுதில்லை. பயாஸில் டிஸ்க்கை இயக்கும் முறை இன்டெல் ஆர்எஸ்டி என்று இருக்கும். அதை நேரே லினக்ஸுக்குப் புரியும் ஏஎச்சிஐ முறைக்கு மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். விண்டோஸை சேஃப் மோடுக்குப் போகச் சொல்லிவிட்டு, அந்த ரீஸ்டார்ட்டிலேயே மாற்ற வேண்டும். பிறகு விண்டோஸில் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டினால் பதற வேண்டாம்: லினக்ஸ் கடிகாரத்தை கிரீன்விச் நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று படிக்கிறது.

தேதியே பழைய வருசத்துக்குப் போய், எந்தத் தளமும் திறக்கவில்லை என்று ஒரு பெட்டி வந்தால் அது ஃபார்மட் கேஸே இல்லை. மதர்போர்டில் தேதியை மறக்காமல் வைத்திருக்கும் சிஆர் 2032 செல்லை மாற்றிக் கொடுத்து, செல்லுக்கு மட்டும் பில் போடுங்கள்.

இப்படிக்கு,
இதே வேலை பார்க்கும் நெல்லைக்காரர்கள் சிலர்