"எமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை" என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் மருத்துவப் பக்கத்தில் குருதி உறைதல் கோளாறுகளைப் பற்றி வெளிவந்த கட்டுரை, பத்து இலட்சம் பேரில் ஒருசிலருக்கு வரும் நோய்க்காக ஒரு விஞ்ஞானி தன் ஆயுள் முழுவதையும் செலவிடுவது செல்வந்த நாடுகளுக்குப் பொருந்தலாம், எமது மக்களுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று முடிந்திருந்தது. நெடுங்காலமாகத் தங்கள் பத்திரிகையை வீட்டுக்கு எடுப்பிக்கும் வாசகி நான். மருத்துவ ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் முன்னே உட்கார்ந்து ஓய்வுபெற்றவள். அந்த ஒருசிலரில் ஒருத்தி என் பெறாமகள் என்பதால், இதைப் படித்த பின்னர் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

கட்டுரையாளர் பெயர் சொல்லாமலே கடந்துபோன விஞ்ஞானி, அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரைச் சேர்ந்த ஜோயல் மோக் என்றே விளங்கிக்கொள்கிறேன். உடலெங்கும் சிறு நாளங்களில் உறைகட்டிகள் அடைக்கும், ரி.ரி.பி. என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் நோயை 1924இல் நியூயோர்க்கில் எலி மொஸ்கோவிற்ஸ் முதன்முதலில் விபரித்தார். அவர் பார்த்த 16 வயதுச் சிறுமி இறந்த பின்னர், அவளுடைய சிறு குருதி நாளங்களில் உறைகட்டிகள் அடைத்துக் கிடந்தமை தெரியவந்தது. அதன் பிறகு பல தசாப்தங்களாக இந்நோய் கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இறந்துகொண்டேயிருந்தார்கள். ஏன் இறக்கிறார்கள் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. 1982இல் மோக்கும் அவருடைய சகாக்களும், நோய் திரும்பத் திரும்ப வந்த சிலரின் பிளாஸ்மாவை, அதாவது குருதியின் திரவப் பகுதியை, ஆராய்ந்து, வொன் வில்லிபிரான்ட் காரணி என்னும் புரதம் வழக்கத்துக்கு மாறான நீளத்தில் அதில் இருப்பதைக் கண்டார்கள். காயம்பட்ட இடத்தில் குருதிச் சிறுதட்டுகளை (பிளேட்லெட்) ஒட்டவைப்பது இந்தப் புரதத்தின் வேலை. நாளச் சுவரிலுள்ள கலங்களிலிருந்து நீண்ட இழைகளாக வெளிவரும் அது, நலமான உடலில் உடனுக்குடன் வெட்டப்பட்டுவிடும். வெட்டப்படாமல் சுவரிலேயே தொங்கும் இழைகளில், நங்கூரக் கயிற்றில் மட்டி பிடிப்பதுபோலச் சிறுதட்டுகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அவ்வழியே ஓடும் செங்குழியங்கள் நெருக்குண்டு கிழிகின்றன. மூளைக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் போகவேண்டிய குருதி போய்ச் சேர்வதில்லை. வெட்டும் பொருள் ஒன்று இந்நோயாளரிடம் குறைந்திருக்கவேண்டும் என்று அவர்கள் அன்றைக்கே ஊகித்தார்கள். வெட்டும் அந்த நொதியத்தை 1996இல் சுவிற்சர்லாந்தில் ஃபுர்லான் என்பவரும் நியூயோர்க்கில் சாய் என்பவரும் தனித்தனியே பிரித்தெடுத்தார்கள். பெரும்பாலான நோயாளரில் உடல் தானே உருவாக்கும் பிறபொருளெதிரி அந்நொதியத்தை முடக்குகிறது என்பதும் 1998இல் தெரியவந்தது. அடாம்-ரீ-எஸ் 13 என்ற பெயர் அந்நொதியத்துக்கு 2001இல் கிடைத்தது.

இதனால் எமக்கு என்ன ஆயிற்று என்பதற்கு என் பெறாமகளே சாட்சி. மாரிகாலத்தில் அவளுக்குக் காய்ச்சலும் களைப்பும் வந்தன. கால்களில் செம்புள்ளிகள் தோன்றின. சிறுதட்டு எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. டெங்குப் பரிசோதனையில் ஒன்றும் தென்படாதபோதிலும், முதலில் அனுமதிக்கப்பட்ட இடத்தில் டெங்கு என்றே சொன்னார்கள், எண்ணிக்கையை உயர்த்துவதற்கென்று சிறுதட்டுகளையும் ஏற்றினார்கள். உயிராபத்தான குருதிப்போக்கு இருந்தாலன்றி ரி.ரி.பி. நோயாளருக்கு அதைச் செய்யாமல் தவிர்ப்பதே வழக்கம். அடுத்த நாள் அவள் தன் பிள்ளையின் பெயரைச் சொல்லத் தெரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறொரு வைத்தியசாலைக்கு மாற்றிய பின்னர்தான், ஓர் இளம் மருத்துவர், கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமிட்ட இரத்தப் பூச்சைத் தாமே பார்க்கவேண்டும் என்று கேட்டார். அவருடைய அனுமதியோடு நானும் பார்த்தேன். தலைக்கவசம் போன்றும் முக்கோணமாகவும் கிழிந்த செங்குழியங்கள் நுணுக்குக்காட்டியின் ஒவ்வொரு பார்வைப் புலத்திலும் கிடந்தன. சிறுதட்டுகளைத் தேடித்தான் காணவேண்டியிருந்தது. ஒரு கண்ணாடித் தகடு, ஒரு துளி இரத்தம், கொஞ்சம் சாயம், இவற்றைத் தவிர வேறு எதுவும் அந்தப் பார்வைக்குத் தேவைப்படவில்லை.

நொதியப் பரிசோதனையின் முடிவு வரும்வரை காத்திராமல் அவர்கள் பிளாஸ்மா மாற்றீட்டைத் தொடங்கினார்கள். காத்திருக்கலாகாது என்பதும் இந்த ஆராய்ச்சிகள் வழியாக வந்த அறிவுதான். கனடாவில் நடத்தப்பட்டு 1991இல் வெளியான ஆய்வில், பிளாஸ்மாவை வெறுமனே ஏற்றியவர்களில் 63 சதவீதத்தினரும், மாற்றீடு செய்யப்பட்டவர்களில் 78 சதவீதத்தினரும் ஆறு மாதங்களின் பின்னர் உயிரோடு இருந்தார்கள். நோயாளியின் பிளாஸ்மாவோடு தீங்கான பிறபொருளெதிரி வெளியேறுகிறது, கொடையாளரின் பிளாஸ்மாவோடு குறைந்த நொதியம் உள்ளே வருகிறது. பிளாஸ்மா ஏன் உயிர் காக்கிறது என்பதற்கான விளக்கம் மோக்கின் ஆய்வுகூடத்திலிருந்து தொடங்கியது. அந்தப் பிளாஸ்மாவைக் கொடுத்தவர்களோ எம் நாட்டவர்கள், முகம் தெரியாத தன்னார்வக் குருதிக் கொடையாளர்கள். என் பெறாமகள் இப்போது வழக்கம்போல் வேலைக்குப் போய்வருகிறாள். எமது மக்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்ற வாக்கியத்தை அவளும் படித்தாள் என்பதைத் தங்களுக்குத் தெரிவிக்கவேண்டியது என் கடமை.

கட்டுரை இன்னொரு விடயத்தையும் ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போனது. கிருமிகளை எதிர்ப்பதற்காக எமது குருதியில் இருக்கும் கொம்பிளிமென்ற் புரதத் தொகுதி, கட்டுப்பாட்டை இழந்து சொந்த நாளச் சுவரையே தாக்கும் நோயும் உண்டு. மருத்துவர்கள் அதை வழமையல்லாத எச்.யூ.எஸ். என்பார்கள். அதிலும் செங்குழியங்கள் கிழியும், சிறுதட்டுகள் குறையும். ஆனால் பெரும்பாலும் சிறுநீரகமே முதலில் பாழாகும், பிளாஸ்மா மாற்றீடும் பலருக்குப் போதுமானதாக இருப்பதில்லை. கொம்பிளிமென்றைத் தடுக்கும் எகுலிசுமாப் என்ற மருந்துக்கு 2011இல் இந்நோய்க்கான அங்கீகாரம் கிடைத்தது. அதன் விலை எங்களைப் போன்றோர் நினைத்தும் பார்க்கமுடியாத உயரத்தில் இருப்பதை நானும் அறிவேன், அதில் கட்டுரையாளரின் கோபம் நியாயமானதே. ஆனால் விலையை நிர்ணயிப்பவர்கள் மீது வரவேண்டிய கோபத்தை ஆராய்ச்சியாளர் மீது காட்டுவது எந்த வகையில் நீதி? நாளச் சுவரில் தொங்கும் அதே நீண்ட இழைகள் கொம்பிளிமென்ற் புரதங்களையும் பிடித்துத் தூண்டிவிடுகின்றன என்பதை, றைஸ் பல்கலைக்கழகத்தில் நான்சி ரேணரும் மோக்கும் பின்னாட்களில் காட்டினார்கள். வெவ்வேறு நோய்களென்று தனித்தனியே படித்துவந்த இரண்டுக்கும் இடையே ஒரு தொடர்பு அங்கே தெரியவந்தது.

இது வன்னியின் வயலுக்கும் எமது தோட்டங்களுக்கும் தூரமான சங்கதி என்று தாங்கள் எண்ணமாட்டீர்கள். கண்ணாடி விரியன் கடித்தவர்களின் இரத்தம் உறையாமல் போவதைத் தங்கள் பத்திரிகையின் எந்தச் செய்தியாளரும் அறிவார். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலீற்றர் இரத்தத்தை எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்ததா என்று சரித்துப் பார்க்கும் சோதனையை நான் பணிக்காலம் முழுவதும் செய்திருக்கிறேன். குழாய் பிளாஸ்திக்காக இருந்தாலோ, சவர்க்காரம் போட்டுக் கழுவப்பட்டிருந்தாலோ முடிவு பிழைத்துவிடும் என்பதால், அந்தக் குழாய்களை வேறெவரும் தொட விட்டதில்லை. விரியன் கடிக்குப் பின்னர் சிலருக்குச் சிறுநீரகம் செயலிழக்கும்போது, என் பெறாமகளின் பூச்சில் கண்ட அதே கிழிந்த செங்குழியங்கள் அவர்களிடமும் காணப்படுகின்றன. அவர்களுக்குப் பிளாஸ்மா மாற்றீடு பயனளிப்பதாக நிறுவப்படவில்லை. அங்கே என்ன நடக்கிறது என்பதை அறிவதற்கு, இழைகளையும் கொம்பிளிமென்றையும் விளங்கிக்கொண்ட ஆராய்ச்சியாளர்களைத் தவிர நாம் யாரிடம் போவது?

மனத்தில் இருப்பதை மறைக்காமல் எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும். மழை தொடங்கினால், பப்பாசி இலைச்சாறு சிறுதட்டுகளைக் கூட்டும் என்ற குறிப்பு தங்கள் பத்திரிகையில் தவறாமல் வருகிறது. அதை நம்பி வைத்தியசாலைக்குப் பிந்தி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுங்கள் என்ற அறிவுரையும் ஒருமுறை வந்தது. அதற்கு மறுப்பாக நான் எழுதிய கடிதம் அச்சேறவில்லை, ஏன் என்று கேட்டதற்கு மறுமொழியும் இல்லை. இரத்ததான முகாம் நடந்தால், திறந்துவைத்த பிரமுகரின் படம் அரைப்பக்கத்துக்கு வருகிறது, ஆனால் அந்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பிளாஸ்மா யாரைக் காப்பாற்றியது என்று ஒருநாளும் ஒரு வரி வந்ததில்லை. காரணம் அறியப்படாமல் இறந்த இளம்பெண்ணை மர்மக் காய்ச்சலுக்குப் பலி என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள், பின்னர் அந்த மர்மம் துலங்கியதா என்று தேடிப் போவதில்லை. இந்த யாழ்ப்பாண மண்ணில் 1978ஆம் ஆண்டிலிருந்து ஒரு மருத்துவ பீடம் இருக்கிறது. ஞாயிறு மருத்துவப் பக்கத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னர், அங்கே கற்பிக்கும் ஒருவருக்கு அனுப்பிப் பார்வையிடச் செய்வதற்குத் தங்களுக்கு எவ்வளவு நேரம் செல்லும்?

கட்டுரையாளரைத் தண்டிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு இதழின் அதே பக்கத்தில், சிறியதொரு பெட்டிச் செய்தியாக இவ்வளவை மட்டும் வெளியிடுங்கள்: சிறுதட்டு எண்ணிக்கை டெங்கினால் மாத்திரம் குறைவதில்லை. சிறுதட்டுக் குறைவோடு சோகையும், தடுமாற்றமான பேச்சோ மயக்கமோ, சிறுநீர் கறுப்பதோ குறைவதோ காணப்பட்டால், இரத்தப் பூச்சைப் பார்த்தீர்களா என்று உறவினர் மருத்துவரிடம் கேட்கலாம், கேட்பது மரியாதைக் குறைவாகாது. இடம் போதாவிட்டால் என் கடிதத்தை விட்டுவிடுங்கள், அந்தப் பெட்டியை மட்டும் போட்டால் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.