உடைந்து வந்த குஞ்சு பொரிக்கும் மெஷினும் நீங்கள் சொல்லும் 4,000 ரூபாவும்

விசுவமடு,
முல்லைத்தீவு மாவட்டம்.
24.06.2025

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

விடயம்: மே 13 இல் உடைந்து வந்த 48 முட்டை இன்குபேற்றருக்கு நட்டஈடு கோருதல்

வணக்கம். நான்கு தரம் போனில் பேசியும், வட்ஸ்அப்பில் இருபதுக்கு மேற்பட்ட செய்திகள் அனுப்பியும் விடயம் முடியாததால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். போன் எடுக்கும்போதெல்லாம் வேறொரு பிள்ளை பேசுகிறது, நானும் முதலிலிருந்து கதையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. கடிதமாக இருந்தால் யார் கையில் போனாலும் ஒரே கதைதான்.

மே 6 ஆம் திகதி உங்கள் இணையத்தளத்தில், முட்டையைத் தானாகத் திருப்பும் 48 முட்டை மெஷின் ஒன்றுக்கு ஓடர் கொடுத்தேன். விலை 32,500 ரூபா, அனுப்புகூலி 1,250 ரூபா, மொத்தம் 33,750. மே 13 மதியம் பார்சல் வந்தது. பெட்டியின் ஒரு மூலை உள்ளே நசுங்கிப் போயிருந்தது. 'மேல்பக்கம்' என்று அம்புக்குறி போட்ட பக்கம் நிலத்தைப் பார்த்தபடி மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்தது. கொண்டு வந்த பிள்ளையிடம், திறந்து பார்த்துவிட்டுக் காசு தருகிறேன் என்றேன். காசு தந்த பிறகுதான் திறக்கலாம், கொம்பனி ஒழுங்கு அப்படி என்றான். அவனில் எனக்குக் கோபமில்லை. வெயிலில் நிற்கிற பிள்ளையோடு வாதாடி என்ன பயன்? காசைக் கொடுத்தேன். ஆனால் பெட்டி நசுங்கியிருந்ததைப் பற்றுச்சீட்டில் எழுதி, அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டேன். அவன் பிரதியையும் என் பிரதியையும் சேர்த்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

திறக்கும்போது என் மகள் வீடியோ எடுத்தாள். மூன்று மூலையிலும் ரிஜிபோம் (தெர்மாக்கோல்) இருக்கிறது, நசுங்கிய மூலையில் மட்டும் சுருட்டிய பத்திரிகைத் தாள். அந்தப் பக்கத்து மேல்மூடியில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. தண்ணீர் ஊற்றும் தட்டின் விளிம்பும் உடைந்திருந்தது. மூன்று மணித்தியாலத்துக்குள் எல்லாப் படங்களும் வீடியோவும் உங்கள் வட்ஸ்அப் இலக்கத்துக்கு வந்தன. 48 மணித்தியாலத்துக்குள் முறையிட வேண்டும் என்பது நீங்களே போட்ட நிபந்தனை. அதற்கு நான் நன்றாகவே முந்திவிட்டேன்.

அன்று மாலை உங்கள் பக்கத்திலிருந்து ஒரு தம்பி பேசினார். நல்ல தமிழ், நல்ல மரியாதை. "செலோரேப் ஒட்டிப் பாவியுங்கள் அக்கா, வேலை செய்யும், 1,500 ரூபாவுக்கு வவுச்சர் அனுப்புகிறோம்" என்றார். வவுச்சர் வேண்டாம் என்றேன். உடைந்த பொருளை விற்றவரிடமே இன்னொரு பொருள் வாங்குவதற்கு எனக்கு ஒரு சீட்டு எதற்கு?

சரி, வெடிப்பு அழகுக்குத்தான் கேடு, வேலைக்கு இல்லை என்று நீங்கள் இன்னமும் சொல்லி வருவதால், கோழி வளர்த்துப் பழக்கமில்லாதவருக்கும் விளங்கும்படி எழுதுகிறேன். குஞ்சு பொரிக்க முட்டைக்கு 37.5 பாகை செல்சியஸ் அளவில் சூடு வேண்டும், அதுவும் 21 நாளும் ஒரே சீராக. ஈரப்பதம் முதல் 18 நாளும் நூற்றுக்கு 50, 55 அளவில் இருந்தால் போதும். கடைசி மூன்று நாளும் 65 க்கு மேல் ஏற்றிவைக்க வேண்டும். ஏற்றாவிட்டால் ஓட்டுக்கு உள்ளே இருக்கிற சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். குஞ்சு ஓட்டைக் கொத்தித் துளை போடும், ஆனால் திரும்பி வெளியே வரமுடியாமல் உள்ளேயே செத்துப்போகும். மெஷின் என்பது இந்தச் சூட்டையும் ஈரத்தையும் பிடித்து வைத்திருக்கிற பெட்டிதான். அதில் வெடிப்பு விழுந்தால் மிச்சம் என்ன? பானையில் ஓட்டை, ஆனால் பானை நல்லது என்று சொல்வது போலத்தான்.

மே 14, 15 இரண்டு நாளும் முட்டை வைக்காமல் மெஷினை ஓடவிட்டேன். கிளிநொச்சியில் வாங்கிய சின்ன வெப்பமானியை வெடிப்பு இருந்த மூலையில் வைத்தேன். மெஷினின் திரை 37.6 காட்டியபோது அந்த மூலை 36.2 காட்டியது. செலோரேப் ஒட்டிய பிறகு 36.9 ஆனது. சோளகக் காற்று அடிக்கத் தொடங்கிவிட்ட காலம், அறைக்குள்ளேயே தண்ணீர் வற்றும். வெப்பமானியைப் படம் எடுத்து அதையும் அனுப்பினேன். மே 16 ஆம் திகதி காலை 10.12 க்கு உங்கள் இலக்கத்திலிருந்து வந்த பதில் இது: "அது பரவாயில்லை அக்கா, முட்டை வைக்கலாம்." அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது.

தெரிந்துகொண்டே ஏன் வைத்தீர்கள் என்று இப்போது கேட்கிறீர்கள். சேர்த்து வைத்த முட்டைக்கும் நாள் இருக்கிறது. ஒரு கிழமை தாண்டினால் பொரிக்கும் வாய்ப்புக் குறையத் தொடங்கும். மாற்று மெஷின் எப்போது வரும் என்று நீங்கள் சொல்லவில்லை, வைக்கலாம் என்று மட்டும் சொன்னீர்கள். மே 18 இல் 48 ஊர்க்கோழி முட்டைகளை வைத்தேன். அதே நாளில், அதே கூட்டத்து முட்டையில் 12 ஐ அடைக்கோழி ஒன்றுக்குக் கீழேயும் வைத்தேன். உங்களைச் சோதிக்க வைத்ததல்ல, கோழி அடைகிடந்தது, சும்மா விட மனமில்லை. ஆனால் இந்த வழக்குக்கு நல்ல சாட்சி அந்தக் கோழிதான்.

ஏழாம் நாள் இரவு டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். மெஷினில் 43 முட்டையில் கரு பிடித்திருந்தது, ஐந்து வெறும் முட்டை, அவற்றை எடுத்துவிட்டேன். ஊரில் பாதி வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போக ஆயத்தமாகிக் கொண்டிருக்க, நான் கடைசி மூன்று நாளும் மெஷினுக்கு முன்னால் பாய் போட்டுப் படுத்திருந்தேன். ஜூன் 8 ஆம் திகதி மெஷினில் 11 குஞ்சு. அடுத்த இரண்டு நாளும் விட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. அடைக்கோழி தன் 12 இல் 10 ஐப் பொரித்தது. அதற்கு உத்தரவாத அட்டையும் இல்லை, அனுப்புகூலியும் இல்லை.

முட்டைகளில் பென்சிலால் இலக்கம் போட்டுத்தான் வைத்தேன். வெடிப்பு மூலைக்குப் பக்கத்தில் இருந்த 12 இல் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. வந்த 11 இல் 9 மறுபக்கத்து முட்டைகள். பொரிக்காதவற்றை உடைத்துப் பார்த்தேன். அது செய்ய விருப்பமான வேலை இல்லை. சில, கரு வளர்ந்து பாதியில் நின்றவை. சில, முழுக் குஞ்சாகி ஓட்டைக் கொத்தி, காய்ந்த சவ்வுக்குள் இறந்து கிடந்தவை. கரு பிடித்த முட்டை கூழாவதும் சவ்வு காய்ந்து குஞ்சு சாவதும் எந்த மெஷினிலும் கொஞ்சம் நடக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் வெடிப்பு இருந்த மூலையில் ஒன்றுகூடப் பொரிக்காமல் போவது தற்செயல் இல்லை.

இனிக் காசு விடயம். 1,500 வவுச்சர் முதலில். பிறகு விலையில் பத்து வீதம், 3,250. இப்போது "இறுதியாக" 4,000 ரூபா, அதுவும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட்டால். அந்தத் தாள் முழுக்க ஆங்கிலத்தில் வந்தது. மகள் வாசித்துச் சொன்னாள்: உத்தரவாதமும் அதோடு முடிகிறது என்று இருக்கிறது. நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன்.

என் கேள்வி ஒன்றுதான். அந்த 4,000 எந்தக் கணக்கில் வந்தது? மூன்று தரம் கேட்டுவிட்டேன், "கொம்பனி முடிவு" என்ற பதில்தான் வருகிறது. கிளிநொச்சிச் சந்தையில் அடிபட்ட பூசணிக்காயை விலை குறைத்து விற்கிறவர்கூட, பழுதை வெட்டி எறிந்து, மிச்சத்தை நிறுத்துக் காட்டித்தான் விலை சொல்வார். நீங்கள் கணக்குக் காட்டவில்லை. ஆகவே என் கணக்கை வைக்கிறேன்.

மேல்மூடி உதிரிப்பாகமாக உங்கள் இணையத்தளத்திலேயே 9,800 ரூபாவுக்கு இருக்கிறது. தண்ணீர்த் தட்டு 1,900. விசிறியையும் சென்சரையும் கழற்றிப் புது மூடியில் பூட்ட, பரந்தனில் ரிவி, ரேடியோ திருத்துகிறவர் 1,500 கேட்டார். அவர் எழுதித் தந்த துண்டையும் இணைத்திருக்கிறேன். இவ்வளவும் 13,200.

முட்டைக்கு வருவோம். 43 இல் 43 உம் பொரிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அடைக்கோழியின் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு 83 வரும், அதையும் கேட்கவில்லை. சில முட்டைகள் எட்டு நாள் பழையவை. பன்னிரண்டாம் நாள் இரண்டு மணித்தியாலம் கரண்ட் போனது, போர்வை போட்டு மூடி வைத்தேன். இவை உங்கள் பிழை இல்லை. அதனால் நூற்றுக்கு 70 என்று வைக்கிறேன், அதாவது 30 குஞ்சு. வந்தது 11. குறைந்தது 19. அந்த 19 க்கும் முட்டை விலை மட்டும், ஒன்று 60 ரூபாப்படி 1,140. குஞ்சு வளர்ந்து விற்றால் வரக்கூடிய விலையைக் கேட்கச் சொல்லி இங்கே எனக்குப் புத்தி சொன்னவர்கள் இருக்கிறார்கள். பருந்தும் கீரியும் நோயும் பார்த்துத் தப்பி வளர்கிற குஞ்சின் விலையைப் பிறக்காத குஞ்சுக்குக் கேட்பது எனக்கே சரியாகப் படவில்லை. என் நித்திரைக்கும் கரண்ட் பில்லுக்கும் நான் எதுவும் போடவில்லை.

எனக்கு முதலில் வேண்டியது ஒழுங்கான மெஷின்தான். புதியதொன்றை நான்கு மூலைக்கும் ரிஜிபோம் வைத்து உங்கள் செலவில் அனுப்பி, பழையதை என் வீட்டு வாசலில் வந்து எடுத்து, முட்டைக்கு 1,140 ரூபாவும் தந்தால் இந்த விடயம் அத்தோடு முடியும். மெஷின் கையிருப்பில் இல்லை என்றால் முழுக் காசு 33,750, முட்டைக் காசோடு 34,890. அப்போதும் பழையதை எடுத்துப்போக நீங்கள்தான் வரவேண்டும். இங்கிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், உடைந்து வந்த பொருளை என் செலவில் திருப்பி அனுப்பு என்பது நடவாத கதை. இரண்டும் முடியாது, மெஷினை நீயே வைத்திரு என்றால் 13,200 உம் 1,140 உம் சேர்த்து 14,340. அதில் 14,000 க்கு இறங்குவேன், அல்லது மூடியையும் தட்டையும் நீங்களே அனுப்பிவிட்டுப் பூட்டுகூலியும் முட்டைக் காசுமாக 2,640 தந்தாலும் சம்மதம். ஒரு வருட உத்தரவாதம் எந்த வழியிலும் அப்படியே தொடர வேண்டும்.

கொரியர்காரர் பொறுப்பு என்று கடைசியாக ஒரு பதில் வந்தது. கொரியர் அலுவலகத்தில் கேட்டால் பொதி செய்தவர் பொறுப்பு என்கிறார்கள். நான் காசு தந்தது உங்கள் பெயரில் உள்ள பற்றுச்சீட்டுக்கு. கொரியரைப் பிடித்ததும் நீங்கள், மூலையில் பத்திரிகை வைத்ததும் நீங்கள். உங்கள் இருவருக்கும் இடையிலான கணக்கை நீங்கள் பிறகு தீர்த்துக்கொள்ளலாம்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட்டால் சபை விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ பொருளை மாற்றிக் கொடுக்கவோ காசைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிடலாம். ஓடர் கொடுத்த நாளிலிருந்து எண்ணினால் எனக்கு ஆகஸ்ட் 6 வரை நாள் இருக்கிறது. அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு நான் இன்னும் அழைக்கவில்லை. உங்களோடு பேசித் தீர்க்கவே விருப்பம். வட்ஸ்அப்பில் சொன்னது கணக்கில் வராது என்று உங்கள் பிள்ளை ஒருவர் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்: 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம், மின்வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செய்தியைத் தள்ளிவிட இடம் தருவதில்லை.

ஜூலை 8 ஆம் திகதிக்கு முன் எழுத்தில், தமிழில் பதில் தாருங்கள். வராவிட்டால் இந்தக் கடிதத்தின் பிரதியோடு அதிகார சபைக்கு எழுதுவேன். உங்கள் தொகை என் தொகையிலிருந்து வேறுபட்டால் பரவாயில்லை, பேசலாம். ஆனால் என்னுடையதைப் போல வரி வரியாகக் கணக்கு இருக்க வேண்டும்.

இணைப்பு: பற்றுச்சீட்டுப் பிரதி, பெட்டி மற்றும் வெடிப்பின் படங்கள் ஒன்பது, திறந்த வீடியோ (வட்ஸ்அப்பில் மீண்டும் அனுப்பியுள்ளேன்), மே 16 செய்தியின் படம், வெப்பமானிப் படங்கள் இரண்டு, திருத்துநரின் துண்டு, இலக்கமிட்ட முட்டைகளின் வரைபடம்.

மெஷினை எடுக்க ஆள் அனுப்புவதானால் காலை ஒன்பது மணிக்குப் பிறகு அனுப்புங்கள். அதற்கு முன் கோழிகளுக்குத் தீன் போடுகிற நேரம்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஓடர் கொடுத்த வாடிக்கையாளர்
(பெயரும் ஓடர் இலக்கமும் பற்றுச்சீட்டுப் பிரதியில் உள்ளன)