காப்புப் பிரதியும் கைது அதிகாரமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விலை கொடுத்து வாங்கிய ஒலிநாடாக்களையும் குறுந்தகடுகளையும், பூஞ்சை பிடித்துக் கெடுமுன் கணினியில் ஏற்றி வைப்போர் நம்மிடையே ஏராளம். இது சட்டப்படி சரியா என்ற கேள்விக்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நேரான விடை தரவில்லை. மென்பொருளை முறைப்படி வைத்திருப்பவர், அது அழிந்தால் உதவுவதற்காகக் காப்புப் பிரதி எடுக்கலாம் என்று 52ஆவது பிரிவு வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. பாடலுக்கும் திரைப்படத்துக்கும் அத்தகைய வாசகம் இல்லை. சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகை என்ற பொது விலக்கையே அவற்றுக்கு நம்ப வேண்டியுள்ளது.

அந்த விலக்கு பொருந்துமா என்பதை நீதிமன்றம் பின்னர்தான் முடிவு செய்யும். கைது செய்யும் அதிகாரமோ அதற்கு முன்பே காவல்துறையின் கையில் இருக்கிறது. தெரிந்தே உரிமையை மீறுவோருக்கு 63ஆவது பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. இது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க, ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என்று நிட் ப்ரோ வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது என்ற 2014ஆம் ஆண்டின் அர்னேஷ் குமார் தீர்ப்பு ஓரளவு பாதுகாப்புதான். ஆயினும் கைது தேவையா என்று முதலில் முடிவெடுப்பவர் விசாரணை அதிகாரியே.

என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. வணிக லாபத்துக்காகச் செய்யப்படாத மீறலுக்குத் தண்டனையைக் குறைக்கலாம் என்று அதே 63ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால் அந்தச் சலுகை, குற்றம் நிரூபிக்கப்பட்ட பிறகு, தண்டனையை அளக்கும்போது மட்டுமே கிடைக்கிறது. அதுவரை, தெருவோரம் திருட்டு டிவிடி விற்றவரும் தன் அலமாரிக்காகப் பிரதி எடுத்தவரும் ஒரே பிரிவின்கீழ் நிற்க நேரும். நார்வேயில், விலைக்கு வாங்கிய டிவிடியின் பூட்டைத் திறக்கும் நிரலை உருவாக்குவதில் பங்கேற்ற இளைஞர் ஜான் லெக் ஜோஹான்சன் மீது குற்ற வழக்கே தொடரப்பட்டது. 2003ஆம் ஆண்டில் இரு நீதிமன்றங்களும் அவரை விடுவித்தன. விடுதலை கிடைத்தது உண்மைதான். ஆனால் அதற்குள் வழக்கின் சுமையை அவர் ஆண்டுக்கணக்கில் தாங்கியிருந்தார்.

ஆகவே காப்புப் பிரதி விலக்கை எல்லாப் படைப்புகளுக்கும் வெளிப்படையாக விரிவாக்க வேண்டும். வணிக நோக்கமோ பொதுமக்களிடம் பரப்பிய செயலோ இருந்தால் மட்டுமே குற்ற வழக்கு என்று 63ஆவது பிரிவைத் திருத்தவும் வேண்டும். புதுப்படத்தை இலவசமாக இணையத்தில் ஏற்றி தயாரிப்பாளரின் முதலீட்டை அழிப்பவர் அப்போதும் தப்ப முடியாது. மற்றவர்கள்மீது உரிமையாளர் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோரட்டும்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை