அட்டையில் ஒரு வரி

கன்னியாகுமரி மாவட்ட சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், மருத்துவமனை, லேப் நடத்துவோருக்கும்,

வணக்கம்.

என் தங்கை மகன் பிறந்த மறுநாளே அவன் தடுப்பூசி அட்டையில் ரத்தக் குரூப் 'ஓ பாசிட்டிவ்' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். தங்கை ஓ. மாப்பிள்ளை ஏபி. ஏபி தகப்பனுக்கு ஓ பிள்ளை பிறக்காது என்று படித்தவர் மாப்பிள்ளையின் அக்காள். அவர் ஏசவெல்லாம் இல்லை. அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். அதற்குப் பிறகு மாப்பிள்ளை பிள்ளையைத் தூக்கவில்லை.

தங்கை பதினொரு மாதம் எங்கள் வீட்டில் இருந்தாள். கேட்டவர்களிடம் அம்மா "பிள்ளைக்குச் சளி, அதான்" என்றாள். பதினொரு மாதச் சளி!

ஒன்றரை வயதில் காய்ச்சலுக்கு நாகர்கோவிலில் ரத்தம் எடுத்தபோது பி பாசிட்டிவ். இன்னொரு லேபிலும் பி. முதலில் எழுதிய இடத்தில் கேட்டால், "பச்சைப் பிள்ளைக்கு சில நேரம் அப்படித்தான்" என்றார்கள். தெரிந்திருந்தால் அதையும் எழுதியிருக்கலாமே ஐயா.

தங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சைக் குழந்தையின் சீரத்தில், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரில், இருப்பது தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் பொருள். சொந்தமாக உருவாகத் தொடங்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். முழு வலுவுக்கு வர ஐந்து வயதுக்கு மேல். ஆகவே சீரம் வைத்துச் சரிபார்க்க வழியில்லை, சிவப்பணுவை வைத்துப் பார்க்கும் செல் சோதனை மட்டும்தான். செல்லிலும் குரூப்பைக் காட்டும் ஏ, பி ஆன்டிஜென்கள் அப்போது வலுக்குறைவு. சோதனையில் செல்கள் மங்கலாகத் திரண்டால் அவசரக் கண்ணுக்கு அது ஓ.

அட்டையில் ஒரு வரி அச்சடியுங்கள்: 'தற்காலிகம், ஒரு வயதுக்குப் பின் மீண்டும் சோதிக்கவும்'. அவ்வளவுதான் கேட்கிறேன்.

ரத்தம் ஏற்றுமுன் இரண்டு ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று எப்படியும் க்ராஸ்மேட்ச் பார்ப்போமே என்பீர்கள். வாஸ்தவம். குடும்பத்துக்குள் ஏறும் விஷத்துக்கு யார் பார்ப்பது? 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவு என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். எழுதப் படிக்கத் தெரிந்த மாவட்டத்தில் ஒரு வரி எழுத ஆளில்லை! அட்டையின் பின்பக்கம் லேப் விளம்பரத்துக்கு மட்டும் இடம் தாராளம்.

கோபத்தில் அதிகம் பேசியிருந்தால் பொறுத்தருளுங்கள். அந்த ஒரு வரியை அச்சடிக்கவும், ஒன்றரை வயது தடுப்பூசிக்கு வரும்போதே ஆரம்ப சுகாதார நிலையத்தில் குரூப்பை இலவசமாக மறுபடி பார்க்கவும் உத்தரவிட வேண்டுமாய்த் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்,
தக்கலை