மிலாறும் கடலும்

கொட்டகலை,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. மழை விடாமல் பெய்து, இரண்டு நாள் மின்சாரமும் இல்லாததால் இன்றுதான் எழுத உட்கார்ந்தேன். முழங்கால் வலி அப்படியேதான். பேரனுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது.

பேத்தி உப்புவெளியில் குளிக்கும்போது ஒரு வாய் கடல்நீரை விழுங்கிவிட்டாள் என்றும், அதில் வைரஸ் நிறைந்திருக்கிறதாமே என்று மருமகள் தூங்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். நிறைந்திருப்பது உண்மைதான். ஒரு மில்லிலீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 1 கோடி இருக்கும். ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை கடலின் பற்றீரியாக்களைப் பற்றுபவை. அதிலும் ஒவ்வொன்றும் தனக்கென்று அமைந்த சில வகைகளைத்தான் பற்றும். நம் உடலின் கலங்களைப் பற்றி அவற்றால் பெருக முடியாது. கழிவுநீர் வந்து விழும் இடத்தில் மட்டும் பிள்ளையை இறக்காதே, அந்த ஆபத்து வேறு.

நாம் ஆசிரிய கலாசாலையில் படித்த காலத்தில் இதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. பற்றீரியாவை ஆய்வுகூடத் தட்டில் வளர்த்து, அதில் வைரஸ் அழித்த இடங்களை எண்ணுவதே அப்போதைய வழக்கம். கடல் பற்றீரியாக்களில் பெரும்பாலானவை தட்டில் வளரவே வளராது. ஆகவே அவற்றின் வைரஸும் கணக்கில் வராது. 1989இல் நோர்வேயின் பேர்கன் நகரத்து ஆய்வாளர்கள் நீரையே இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்து நேரடியாக எண்ணியபோதுதான் கடலின் உண்மையான கூட்டம் தெரிந்தது.

வைரஸ் பற்றீரியாவின் மேல் ஒட்டித் தன் பரம்பரைப் பொருளை உள்ளே செலுத்துகிறது. அந்தக் கலத்தின் கருவிகளைக் கொண்டே தன்னைப்போல் பலவற்றைச் செய்துகொள்கிறது. பிறகு கலம் வெடிக்கிறது. கடலில் இப்படி நாள்தோறும் நுண்ணுயிர்த் திரளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அழிகிறதாம். முதலில் வாசித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. இத்தனை சாவா!

அதற்கு விளக்கம் எனக்கு எங்கள் மலையிலேயே கிடைத்தது. போன மாதம் பள்ளத்து மலையில் தேயிலைக் கவ்வாத்து முடிந்தது. நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை செடியின் கிளைகளை வெட்டுவார்கள், உனக்குத் தெரியும். வெட்டிப்போட்ட அந்த மிலாறுக் கட்டைகளை அம்மா கட்டிச் சுமந்து லயத்து வீட்டுக்கு வந்த நாள்கள் நினைவுக்கு வர, மெதுவாக அந்தப் பக்கம் நடந்தேன். சுமந்து வந்த கட்டை அடுப்புக்குப் போகும். இலையும் சிம்பும் செடியடியிலேயே கிடக்கும். கறுத்து மெத்தென்று ஊறிக் கிடந்த அந்தச் சருகை விரலால் நீக்கிப் பார்த்தேன். நூல் போன்ற வெள்ளை வேர்கள் மேல்நோக்கி வந்து அதற்குள் பின்னியிருந்தன. வெட்டியது செடிக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

கடலில் வைரஸ் செய்வதும் இதுதான், ராஜி. பற்றீரியாவைச் சிற்றுயிர் தின்று, அதை மீன் தின்றால், சத்து படிப்படியாக மேலே போய்விடும். வைரஸால் வெடித்த கலத்தின் நைதரசனும் பொசுபரசும் இரும்பும் நீரிலேயே கரைகின்றன. மிச்சமிருக்கும் பற்றீரியாக்களும், வெளிச்சத்தில் மிதக்கும் நுண்பாசிகளும் அதை எடுத்து வளர்கின்றன. உன் தம்பியின் வலைக்குப் போயிருக்கக்கூடிய பங்கு கொஞ்சம் இதில் குறைகிறது என்பது மெய்தான். ஆனாலும் உலகத்து ஒளித்தொகுப்பில் ஏறக்குறைய பாதி கடலில் நடக்கிறது. நடுக்கடலில் உரம் போட யார் இருக்கிறார்கள்? இந்த வெடிப்பு அங்கே பசளையாகிறது.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒளித்தொகுப்புச் செய்யும் நீலப்பச்சைப் பற்றீரியாவைப் பற்றும் சில வைரஸ், அந்த வேலைக்கான பரம்பரையலகு (ஜீன்) ஒன்றையே தம்முடன் கொண்டு திரிகின்றன. பற்றிய கலத்தில் ஒளியைப் பிடிக்கும் கருவி சீக்கிரம் பழுதாகும். வைரஸ் தன்னிடமுள்ள அந்தப் பிரதியைக் கொண்டு, தன் குஞ்சுகள் உருவாகி முடியும்வரை கருவியை ஓட்டிக்கொள்கிறது. ஒரு கூட்டம் அளவுக்கு மீறிப் பெருகினால் அதற்குரிய வைரஸும் பெருகி அதை அடக்கிவிடுகிறது. மெலிந்த இனங்களுக்கும் இடம் கிடைக்கிறது. இத்தனை வருடம் வகுப்பில் வைரஸை நோயோடு மட்டும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தேனே என்று எனக்கு உண்மையாகவே வருத்தம்.

மருமகளிடம் இதை வாசித்துக் காட்டு. ஓகஸ்ட் விடுமுறையில் கண்டியில் பஸ் மாறி வருகிறேன். நல்ல தூள் ஒரு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். நீ கொஞ்சம் நெத்தலிக் கருவாடு காய வைத்திரு.

அன்புடன்,
புஷ்பா