நடுவில் இருக்கும் கிழிசல்

அன்புள்ள மகளுக்கு,

நைனா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போனில் உன் குரலே சரியில்லை. ரேடியோ தொலைநோக்கிகள் சேர்த்த ஒரே தரவிலிருந்து இரண்டு விதமாகப் படம் வருகிறது, எதை நம்புவது என்று கேட்டாய். அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. நேற்று காசிமேட்டில் கிழிந்த வலையைப் பின்னும்போதுதான் விஷயம் பிடிபட்டது.

கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்து, ஊசியைக் கண் கண்ணாக நுழைத்துக்கொண்டு வந்தேன். சின்னக் கிழிசல் என்றால் சுற்றியிருக்கும் கண்ணைப் பார்த்தே பின்னிவிடலாம். ஆள் நுழைகிற கிழிசலில் ஓரத்தில் ஒரு கண் தப்பாக எண்ணினாலும் வலை ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

உனக்கும் அதே கதைதானே? இரண்டு தொலைநோக்கி சேர்ந்தால் ஒரு நேரத்துக்கு உன் தாளில் ஒரு புள்ளித் தகவல். பூமி சுற்றச் சுற்ற அது கோடாக நீளும். தரையில் இருக்கும் தொலைநோக்கிகளின் கோடுகள் நடுவில் நெருக்கமாக விழும். 2011-இல் ரஷ்யா ஏவிய ஸ்பெக்டர்-ஆர் என்ற விண்வெளித் தொலைநோக்கி 10 மீட்டர் ஆன்டெனாவோடு 3.5 லட்சம் கிலோமீட்டர் தூரம் வரை போய் வந்தது. அதன் கோடுகள் எங்கோ ஓரத்தில். இடையில் ஒன்றுமில்லை. அங்கே கணினி ஊகித்து நிரப்புகிறது; ஊகம் மாறினால் படமும் மாறும். உன் கையில் பிழை இல்லை, கண்ணு.

அந்த விண்வெளித் தொலைநோக்கி இருக்கும் இடமே சில நூறு மீட்டர் பிசகலாம், பொருத்த வேண்டிய ரேடியோ அலையின் நீளமோ 1.3 சென்டிமீட்டர் என்று நீ சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. 2019 ஜனவரியில் தொடர்பும் அறுந்துவிட்டது. இனி அதிலிருந்து புதுப் புள்ளி வராது.

அதனால் ஒன்று கேட்கிறேன். படம் அழகாக வரட்டும் என்று இல்லாததை அங்கே வைத்துவிடாதே. 2019 ஏப்ரலில் வந்த கருந்துளைப் படத்துக்கு நாலு குழு ஒன்றோடொன்று பேசாமல் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தது, நாலிலும் வளையம் வந்தது என்று நீதானே சொன்னாய்? நீயும் தரவை உன் அறைத்தோழியிடம் கொடு. உன் படத்தைக் காட்டாதே. இரண்டிலும் எது வருகிறதோ அதை மட்டும் எழுது. இரண்டு வாரம் தள்ளிப்போனால் போகட்டும், பேராசிரியரிடம் நேராகச் சொல்லிவிடு.

படத்தை அம்மாவுக்கு அனுப்பு. எனக்கு அந்தக் கோடுகள் போட்ட தாள் வேண்டும். கிழிசல் எவ்வளவு பெரியது என்று பார்க்கணும். விடியற்காலை ஏலத்துக்குக் கிளம்பும் முன் போனைப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
நைனா